காக்கிக்கு முன்பே மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள்

பந்தோடு வளர்ந்தவர்கள் காவலுக்கு வந்தால் என்ன மாறும்? கொல்கத்தா ஷெரிப் சூனி கோஸ்வாமி முதல் கடலூர் எஸ்.ஐ. இந்துமதி வரை சொல்லும் பாடமும், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும்.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் விடியும் முன்பே மைதானத்தில் ஓடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எதற்கு ஓடுகிறாய் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "போலீஸ் செலக்‌ஷனுக்கு." ஆண்களுக்கு 1,500 மீட்டரை ஏழு நிமிடத்தில் முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். பிறகு கயிறு, நீளம் தாண்டுதல், குண்டு எறிதல். சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற மானாவாரி மண்ணில், மழை பொய்த்தாலும் மாதம் பிறந்தால் சம்பளம் தரும் வேலை என்றால் அதில் முதல் வரிசையில் நிற்பது காக்கிச் சட்டை. அந்தப் பிள்ளைகளின் வேர்வைக்குப் பின்னால் ஒரு குடும்பமே காத்திருக்கிறது.

ஆனால் ஆணை கைக்கு வந்த அன்றே அந்த ஓட்டம் பலருக்கு நின்றுவிடுகிறது. பந்தைத் தொட்ட கால் பந்தோபஸ்து டியூட்டிக்குப் போகிறது. மைதானத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஊர், சீருடையைக் கண்டதும் சற்று ஒதுங்கி நிற்கிறது. ஒரு விளையாட்டுக்காரர் பல வருடம் ஆடிச் சேர்த்த மக்கள் நம்பிக்கை, காவல்துறைக்குள் நுழைந்ததும் கணக்கில் வராமல் போகிறது. காவல்துறைக்கு மிகவும் தேவைப்படுவதும் அந்த நம்பிக்கைதான். ஆடுகளத்தில் பெற்ற நம்பிக்கை காவல் நிலையம் வரைக்கும் வந்து சேர வேண்டும். அதற்கு வழி இருக்கிறது என்பதைக் காட்டும் மனிதர்கள் இந்தியாவில் வாழ்ந்திருக்கிறார்கள், வாழ்ந்துகொண்டும் இருக்கிறார்கள்.

ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் காவல் தலைவர்

அமெரிக்காவில் நம் மாவட்டத்துக்கு ஈடான நிர்வாகப் பிரிவுக்குக் கவுன்ட்டி என்று பெயர். அப்படிப்பட்ட கவுன்ட்டிகள் 3,000க்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் ஷெரிப் என்ற காவல் தலைவரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பல இடங்களில் பதவிக்காலம் நான்கு ஆண்டு. ரோந்து, கைது, உள்ளூர்ச் சிறை, நீதிமன்றக் காவல், சம்மன் சேர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மைதானத்தில் பெயர் எடுத்த ஒருவர் ஊர்க்காரர்களிடம் வாக்குக் கேட்டு அந்தப் பதவிக்கு வர அங்கே சட்டத்தில் இடம் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012 முதல் காவல்துறையை மேற்பார்வையிடும் ஆணையர்களை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் வாக்கு மட்டுமே நல்ல காவலைத் தந்துவிடாது. அரிஸோனா மாநிலத்தின் மரிகோபா கவுன்ட்டியில் ஜோ அர்பாயோ என்பவர் 1993 முதல் 24 ஆண்டு ஷெரிப்பாக இருந்தார். ஆறு தேர்தல்களில் ஜெயித்தவர். குடியேறியவர்களை இனம் பார்த்து நிறுத்திச் சோதிக்கக் கூடாது என்ற நீதிமன்ற உத்தரவை மீறியதற்காக 2017இல் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார். அடுத்த மாதமே அதிபர் டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். கைதட்டல் வாங்கத் தெரிந்தவர் எல்லாம் நியாயமாக நடப்பார் என்பதற்கு உறுதி இல்லை என்பதைச் சொல்ல இந்த ஒரு பெயர் போதும்.

நம்மிடம் காவல் பதவிக்குத் தேர்தல் கிடையாது. 1859இல் சென்னை மாகாணத்துக்கு வந்த மாவட்டக் காவல் சட்டம், 1861இல் நாட்டுக்கு வந்த காவல் சட்டம் இரண்டும் மேலிருந்து கீழே உத்தரவு இறங்கும் ஓர் அமைப்பைக் கட்டின. அதற்கு முன்பு காவல் என்பது ஊரோடு ஒட்டிய காரியம். சோழர் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்று ஒரு வரி வருகிறது. ஊர் தன் காவலுக்காகக் கொடுத்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர் வாரியங்களுக்குக் குடவோலையில் ஆள் எடுத்த விதிகளைச் சொல்கிறது. கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் அதில் இடம் கிடையாது. நிலமும் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டும் திறந்திருந்த கதவு அது. அதைப் பொற்காலம் என்று கொண்டாட வேண்டியதில்லை. ஆனாலும் பொறுப்புக்கு வருபவர் ஊருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டுவதற்கு நூறு வருடம் முன்பே தமிழ் மண்ணில் கல்லில் ஏறிவிட்டது. பின்னாளில் அரியலூர், உடையார்பாளையம் பாளையக்காரர்களிடம் காவல் உரிமை இருந்தது. அவர்கள் ஊருக்குக் கணக்குக் காட்டவில்லை; பாளையக்காரர் முறையை ஆங்கிலேயர் அகற்றியபோது காவல் அரசாங்கத்தின் கைக்குப் போனது, மக்களின் கைக்கு வரவில்லை.

கொல்கத்தா தன் ஷெரிப்பாக அமர்த்திய கால்பந்து வீரர்

ஷெரிப் என்ற பதவி இந்தியாவிலும் இருக்கிறது. 1726ஆம் ஆண்டு அரச சாசனத்தின் வழியே சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்று நகரங்களுக்கும் அது வந்தது. சம்மன் கொடுப்பது, தீர்ப்பை நிறைவேற்றுவது, சிறையைப் பார்த்துக்கொள்வது அன்றைய ஷெரிப்பின் வேலைகள். நாளடைவில் அதிகாரம் கரைந்து மரியாதை மட்டும் மிஞ்சியது. சென்னையில் பதவியே நீக்கப்பட்டது. மும்பையிலும் கொல்கத்தாவிலும் நகரத்தின் மதிப்புக்குரிய ஒருவருக்கு அளிக்கும் கௌரவமாக அது தொடர்ந்தது. தேர்தல் இல்லை, நியமனம்தான். கட்சி சாராத, ஊரே ஏற்றுக்கொண்ட ஒருவரைத் தேடித் தருவது மரபு.

2005இல் கொல்கத்தா அந்த மரியாதையைச் சுபிமல் கோஸ்வாமிக்கு அளித்தது. ஊரும் உலகமும் அவரை அழைத்த பெயர் சூனி.

1938 ஜனவரி 15இல் இன்றைய வங்கதேசத்தின் கிஷோர்கஞ்சில் பிறந்தவர். எட்டு வயதில் மோகன் பகான் இளையோர் அணியில் சேர்ந்தார். 1954இல் மூத்தோர் அணிக்கு வந்து 1968இல் ஓய்வு பெறும் வரை வேறு எந்த கிளப்புக்கும் ஆடவில்லை. கல்கத்தா மைதானங்களில் கிளப் மாறுவது சாதாரணமாக இருந்த காலம் அது. அவர் கடைசி வரை ஒரே சட்டையில் நின்றார்.

அவர் பெயர் வரலாற்றில் நிலைத்தது 1962இல், ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில். இந்திய அணிக்கு அவர் கேப்டன். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என்று வென்று மீண்டார்கள். தென் வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் சூனி இரண்டு கோல் அடித்தார். இந்தியா 3-2 என்று வென்றது. செப்டம்பர் 4 அன்று இறுதி ஆட்டத்தில் மறுபடியும் தென் கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் அந்தப் போட்டிக்கு அழைக்காததை இந்தியப் பிரதிநிதி ஜி.டி. சோந்தி எதிர்த்திருந்தார். அதனால் இந்தோனேசியக் கூட்டம் இந்தியாவின் மேல் கோபத்தில் இருந்தது. அரங்கமே எதிர்த்துக் கூச்சலிட்டபோது, தங்களுக்கு ஆதரவாக நின்றது பாகிஸ்தான் ஹாக்கி அணி என்று நம் வீரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். தலையில் அடிபட்டுத் தையல் போட்ட ஜர்னைல் சிங் முன்வரிசையில் ஆடி ஒரு கோல் அடித்தார். பி.கே. பானர்ஜி இன்னொன்று. 2-1, தங்கம். இந்தியக் கால்பந்து ஆசியப் போட்டியில் பெற்ற கடைசித் தங்கம் அது. கோலில் நின்றவர் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் அணிக்கு ஆடி வளர்ந்த பீட்டர் தங்கராஜ். முன்வரிசையில் சூனிக்குத் துணை நின்றவர் செகந்திராபாத் அருகே தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராம்.

அந்த அணியை உருவாக்கிய பயிற்சியாளர் சையத் அப்துல் ரகீமுக்கும் காவல்துறைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஆசிரியராக இருந்த ரகீம் வளர்த்தெடுத்தது ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியை. 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை அந்த அணி வென்றது. 1962 தங்க அணியில் ஆடிய யூசுப் கான் அந்தப் போலீஸ் அணியில் வளர்ந்தவர். ஒரு நகரத்தின் போலீஸ் மைதானம் நாட்டுக்கே ஆட்டக்காரர்களைத் தந்தது. போலீஸ் என்றால் பயம் என்று மட்டும் இருந்த காலத்தில், தங்கள் போலீஸ் அணியின் வெற்றியை ஊர் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டது. ஜகார்த்தா தங்கம் வந்த மறு ஆண்டே, 1963 ஜூனில், புற்றுநோய் ரகீமைக் கொண்டுபோனது.

சூனி கால்பந்தோடு நிற்கவில்லை. கிரிக்கெட்டில் வங்காள அணிக்கு ஆடினார். 1966இல் இந்தூரில் சோபர்ஸ் தலைமையில் வந்த மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் எட்டு விக்கெட் எடுத்தார். 1971-72 ரஞ்சி இறுதிக்கு வங்காளத்தைக் கேப்டனாக அழைத்துச் சென்றார். 1963இல் அர்ஜுனா விருது, 1983இல் பத்மஸ்ரீ. ஓய்வுக்குப் பிறகு டாடா கால்பந்து அகாதமியின் முதல் இயக்குநராகப் புதிய தலைமுறையை வளர்த்தார். 2020 ஏப்ரல் 30 அன்று 82 வயதில் காலமானார்.

ஷெரிப் பதவியில் அவருக்குக் கைது செய்யும் அதிகாரம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த நியமனத்துக்குப் பொருள் உண்டு. நீதியின் பெயரால் நகரத்தின் முன் நிற்க ஒரு முகம் வேண்டும் என்று யோசித்தபோது, ஐம்பது வருடம் எல்லார் கண் முன்னாலும் வாழ்ந்த ஒரு ஆட்டக்காரரின் முகம் கொல்கத்தாவுக்கு நினைவு வந்தது. ஓட்டுப் பெட்டி வைத்திருந்தாலும் அந்த நகரம் அவரைத்தான் தேர்ந்தெடுத்திருக்கும் என்று தயங்காமல் சொல்லலாம்.

வங்காளத்தில் ஓட்டுப் பெட்டியையே சந்தித்து வென்ற கால்பந்து வீரர்களும் உண்டு. இந்திய அணியின் முன்னாள் கேப்டன் பிரசூன் பானர்ஜி 2013 இடைத்தேர்தலில் ஹவுரா மக்களவை உறுப்பினரானார். 2014, 2019, 2024 மூன்று தேர்தல்களிலும் அதே தொகுதி அவரை மீண்டும் அனுப்பியது. நாட்டின் மிகப் பிரபலமான ஆட்டக்காரர் பாய்ச்சுங் பூட்டியாவோ நின்ற தேர்தல்களில் தோற்றார். புகழை மட்டும் வைத்து மக்கள் வாக்களிப்பதில்லை. தங்களோடு இருப்பார் என்ற எண்ணம் வர வேண்டும்.

சோடா விற்ற பையனும் கேரள போலீஸும்

தமிழ் ரசிகர்களுக்கு ஐ.எம். விஜயன் என்றால் 'திமிரு' படத்தின் வில்லன், 'பிகில்' படத்தில் வந்தவர். கேரளத்துக்கு அவர் கறுப்பு முத்து. 1969இல் திருச்சூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, நகராட்சி மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போது சோடா விற்ற பையன். அந்த மைதானத்தின் புல்லிலிருந்தே அவரைக் கேரள போலீஸ் எடுத்துக்கொண்டது. பதின்பருவம் முடியும் முன்பே போலீஸ் அணிக்கு வந்துவிட்டார்.

1980களில் கேரள போலீஸ் ஒரு தெளிவான முடிவோடு அணியைக் கட்டியது. நல்ல ஆட்டக்காரர்களைத் தேடி வேலை கொடுத்தது. அந்த வேலையின் முதல் கடமையாக ஆட்டத்தையே வைத்தது. வி.பி. சத்யன், யு. ஷராபலி, சி.வி. பாப்பச்சன், விஜயன் என்று வரிசை நீண்டது. 1990இல் திருச்சூரில் ஃபெடரேஷன் கோப்பையை வென்றார்கள். கேரளத்திலிருந்து அதை வென்ற முதல் அணி. 1991இல் கண்ணூரில் மறுபடியும் வென்றார்கள். லத்தியோடு மட்டுமே போலீஸைப் பார்த்துப் பழகிய ஜனங்கள், போலீஸ் சட்டைக்காரர் கோல் அடித்ததும் எழுந்து நின்று கத்தினார்கள். ஒரு காவல்துறைக்கு இதைவிட வேறு என்ன விளம்பரம் வேண்டும்?

விஜயன் பிறகு பெரிய கிளப்புகளுக்குப் போனார். ஆண்டின் சிறந்த இந்திய வீரராக மூன்று முறை தேர்வானார். 1999 தெற்காசிய விளையாட்டில் பூட்டானுக்கு எதிராகப் பன்னிரண்டாவது விநாடியில் கோல் அடித்தார். ஆட்ட வாழ்க்கை முடிந்ததும் போலீஸ் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. மலப்புறத்தில் கேரள போலீஸின் கால்பந்து அகாதமிக்கு அவர் இயக்குநரானார். மெட்ராஸ் மாகாணக் காலத்தில் பிறந்த மலபார் ஸ்பெஷல் போலீஸில் அதிகாரியாக இருந்து 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு பத்மஸ்ரீ. சோடா பாட்டிலோடு நின்ற இடத்திலிருந்து அவரை எடுத்த துறை, அவர் கால் ஓய்ந்த பிறகும் கைவிடவில்லை.

சத்யனின் வாழ்க்கை வேறு பாதையில் போனது. 1995இல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் கேப்டன் அவர். போலீஸை விட்டு சென்னையில் இந்தியன் வங்கி அணிக்கு வந்தார். காயங்களும் மனச்சோர்வும் அவரை வாட்டின. 2006 ஜூலையில் 41 வயதில் மறைந்தார். ஆடுகளத்துக்குப் பிறகு ஒரு மனிதருக்கு வாழ்க்கை இருக்கிறது; அதற்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும். வேலை கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று எந்த அமைப்பும் நினைக்கக் கூடாது என்பதைச் சத்யனின் முடிவு நமக்கு வலியோடு சொல்கிறது.

வெள்ளாற்றுக்கு அக்கரையில் ஒரு எஸ்.ஐ.

பெரம்பலூரிலிருந்து வெள்ளாற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். அந்த மாவட்டம் தந்தவர் இந்துமதி கதிரேசன். இந்திய மகளிர் கால்பந்து அணியின் நடுக்கள வீராங்கனை, தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். அரியலூர், பெரம்பலூர் பெண் பிள்ளைகளுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும் நட்சத்திரம் அல்ல அவர். பக்கத்து ஊர் அக்கா.

2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு முதன்முறையாகத் தேசிய மகளிர் பட்டத்தைக் கைப்பற்றியது. பெண்கள் கால்பந்தில் மணிப்பூரைத் தோற்கடிப்பது என்றால் என்ன என்பது ஆட்டம் தெரிந்தவர்களுக்குப் புரியும். மறு ஆண்டு இந்திய மகளிர் லீக்கில் நம் மாநிலத்தின் சேது எஃப்.சி. கோப்பையை வென்றது, இறுதியில் அது தோற்கடித்த அணியின் பெயர் மணிப்பூர் போலீஸ். இந்த இரண்டு வெற்றிகளிலும் இந்துமதி ஆடினார். அதே 2019இல் நேபாளத்தின் விராட்நகரில் நடந்த தெற்காசியப் போட்டியில் வங்கதேசத்துக்கு எதிரான அரையிறுதியில் இரண்டு கோல் அடித்தார். இந்தியா பட்டம் வென்றது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. லீக் இல்லை, முகாம் இல்லை. இந்திய அணியின் நீலச் சட்டையை மடித்து வைத்துவிட்டு இந்துமதி காக்கியில் சென்னைத் தெருவுக்கு இறங்கினார். வெளியே வருபவர்களிடம் பேசித் திருப்பி அனுப்புவது, முகக்கவசம் போடச் சொல்வது, தொற்றுக்கு நடுவில் மணிக்கணக்கில் நிற்பது. நாட்டுக்காக ஆடிய கால் நாட்டுக்காகத் தெருவில் நின்றது.

அதே கோடையில் சாத்தான்குளமும் நடந்தது. கடையை நேரத்துக்கு அடைக்கவில்லை என்ற பேச்சில் தொடங்கி ஜெயராஜ், பெனிக்ஸ் என்ற தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்தார்கள். தமிழ்நாடே கொதித்தது. ஒரே துறை, ஒரே ஊரடங்கு, ஒரே சீருடை. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கேள்வி தானாக எழுகிறது: சீருடைக்குள் இருக்கும் மனிதர் எங்கே எப்படி வளர்ந்தவர், யாருக்குப் பதில் சொல்பவர்?

விளையாட்டு ஒருவரைத் தானாக நல்லவராக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆடுகளம் தினமும் சில பழக்கங்களைக் கற்றுத் தருகிறது. தடுக்கி விழுந்தால் எதிராளியை அடிக்கக் கூடாது. நடுவர் விசில் அடித்தால் நிற்க வேண்டும், தீர்ப்பு தப்பு என்று தோன்றினாலும். கோபத்தில் காலை நீட்டினால் சிவப்பு அட்டை. பத்துப் பேரோடு அணி தவிக்கும். அடக்கம் தவறினால் தண்டனை உடனே, எல்லார் முன்னாலும் வரும். பத்து வயதில் தொடங்கி இருபது வயது வரை இப்படி வளர்ந்த ஒருவருக்கு, சட்டம் தனக்கும் மேலே இருக்கிறது என்பதைப் புதிதாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

மணிப்பூர் இதை நம்மைவிட முன்பே உணர்ந்துகொண்டது. ஓய்னம் பெம்பெம் தேவி இருபது ஆண்டுக்கும் மேல் இந்தியாவுக்கு ஆடியவர், மணிப்பூர் போலீஸ்காரர். 2017இல் அர்ஜுனா, 2020இல் பத்மஸ்ரீ. ஓய்வுக்குப் பிறகும் பயிற்சியாளராகக் களத்தைவிட்டு விலகவில்லை. அவரைப் பார்த்துப் பந்தைத் தொட்ட பெண் பிள்ளைகள் ஏராளம்.

தமிழ்நாட்டில் 1973இல் ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, இருபது காவலர்கள் என்று 22 பெண்களோடு காவல்துறையில் பெண்கள் அடியெடுத்து வைத்தார்கள். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. இன்று காவல்துறையின் எல்லாப் பிரிவிலும் பெண்கள் இருக்கிறார்கள். ஒரு சிறுமி புகார் சொல்லக் காவல் நிலையப் படி ஏறும்போது, உள்ளே இருப்பவர் நேற்று பள்ளி மைதானத்தில் அவளுக்குப் பந்தை உதைக்கக் கற்றுக்கொடுத்த அக்காவாக இருந்தால், அவள் வாய் திறப்பது எவ்வளவு எளிதாகும்!

நம் இரண்டு மாவட்டங்களுக்கு என்ன வேண்டும்?

1995இல் திருச்சியிலிருந்து பிரிந்தது பெரம்பலூர். அதிலிருந்து 2001இல் பிரிந்து, மறு ஆண்டே இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடியும் தனி மாவட்டமானது அரியலூர். சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமென்ட் ஆலை, இரவும் பகலும் ஓடும் லாரிகள் ஒரு பக்கம். மானாவாரி விவசாயம் மறு பக்கம். திறமை இங்கே குறைவில்லை. அரியலூரைச் சேர்ந்த செல்வம் கார்த்தி 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பை ஹாக்கியில் இந்தியாவுக்கு ஆடினார். சர்வதேச அரங்கில் தன் முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் அடித்தார். சூனியின் அணி தங்கம் வாங்கிய அதே நகரத்தில், அறுபது வருடம் கழித்து நம் மாவட்டத்துப் பையன் வெண்கலத்தோடு நின்றார்.

இப்படிப்பட்டவர்கள் காவல்துறைக்கு வர வழி ஏற்கெனவே இருக்கிறது. சீருடைப் பணியாளர் தேர்வில் விளையாட்டு வீரர்களுக்கு 10 சதவீத இடம் உண்டு. ஆனால் 'ஸ்போர்ட்ஸ் கோட்டா'வில் வந்தவர் கோப்பைக்காக ஆடுவதும், ஆடி முடித்ததும் நிலையத்தில் ஒருவராகக் கலந்துவிடுவதும் மட்டும் போதாது. மூன்று காரியங்கள் சேர்ந்து நடக்க வேண்டும்.

முதலாவது, அவர்கள் ஊரோடு ஆட வேண்டும். சென்னையில் காவல்துறை நடத்தும் சிறுவர் சிறுமியர் மன்றங்களில் குடிசைப் பகுதிப் பிள்ளைகள் பந்தாடி வளர்கிறார்கள். மாவட்டங்களிலும் இந்த மன்றங்கள் உண்டு. அவற்றுக்கு உயிர் கொடுக்க, விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்த காவலரைவிடத் தகுந்தவர் யார்? வேப்பந்தட்டையிலோ செந்துறையிலோ வாரத்தில் சில மாலைகள் பிள்ளைகளோடு மைதானத்தில் இருப்பதை அவருடைய பணி நேரமாகவே எழுத வேண்டும். தமிழக அரசு கிராம ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணங்கள் வழங்கியிருக்கிறது. பந்து இருக்கிறது, சொல்லித்தர ஆள் வேண்டும்.

இரண்டாவது, அவர்களுக்குப் புலனாய்வும் சட்டமும் மற்ற காவலர்களுக்குச் சமமாகச் சொல்லித்தரப்பட வேண்டும். "இவருக்கு ஸ்டேஷன் வேலை தெரியாது, ஆட மட்டும்தான் தெரியும்" என்ற பேச்சு ஒரு நல்ல வீரரை மூலையில் உட்கார வைத்துவிடும். ஆட்டத்துக்கு விடுப்பு கொடுக்கும் துறை, பயிற்சிக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். ஆட்டம் ஓய்ந்த பிறகு அவர் எங்கே நிற்பார் என்பதையும் முன்பே திட்டமிட வேண்டும். விஜயனுக்குக் கிடைத்தது எல்லாருக்கும் கிடைக்க வேண்டும். சத்யனுக்கு நேர்ந்தது யாருக்கும் நேரக் கூடாது.

மூன்றாவது, காவல்துறை மக்களுக்குப் பதில் சொல்லும் வழி திறந்திருக்க வேண்டும். பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று ஏழு கட்டளைகள் இட்டது. காவல் அதிகாரிகளுக்குக் குறைந்தது இரண்டாண்டு நிலையான பதவிக்காலம், மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் காவல்துறைப் புகார் ஆணையம் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. தமிழ்நாடு 2013இல் காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் தங்கள் மாவட்டத்தில் காவலர் மேல் புகார் இருந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்று பெரம்பலூரிலும் அரியலூரிலும் எத்தனை பேருக்குத் தெரியும்? அமெரிக்கர்கள் நான்கு வருடத்துக்கு ஒரு முறை வாக்குச்சீட்டில் கேட்கும் கணக்கை, நாம் எந்த நாளும் கேட்கும்படி அந்த ஆணையம் ஊருக்குத் தெரிந்த இடமாக இருக்க வேண்டும்.

காவல் பதவிக்கு இங்கே தேர்தல் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சாதியும் பணமும் தேர்தலை என்ன செய்கின்றன என்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். மரிகோபா நமக்கு வேண்டாம். ஆனால் மக்கள் தேர்வு வாக்குச்சாவடியில் மட்டும் நடப்பதில்லை. ஒரு பிள்ளை பத்து வருடம் ஊர் மைதானத்தில் ஆடும்போது, எப்படித் தோற்கிறான், கீழே விழுந்தவனுக்குக் கை கொடுக்கிறாளா, ஜெயித்த நாளில் எப்படிப் பேசுகிறாள் என்று ஊர் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறது. அந்தத் தீர்ப்பில் தேறியவர்களைத் தேடி எடுத்து, பயிற்சி கொடுத்து, மக்கள் நடுவிலேயே நிறுத்துவது காவல்துறையின் கையில் இருக்கிறது.

அடுத்த முறை சீருடைப் பணிக்கு ஆள் எடுக்கும்போது, பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்களும் விளையாட்டு அலுவலர்களும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். தங்கள் மாவட்டத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், அவர்கள் இன்று எந்த மைதானத்தில் யாருக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்ற பட்டியலை ஊர் அறிய வெளியிட வேண்டும். விடியும் முன்பே ஓடும் நம் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் மரியாதை, அவர்களுடைய ஓட்டத்தைத் தேர்வோடு முடித்துவிடாமல் இருப்பதுதான்.